வீட்டில் கடைசியாக விஷயம் தெரிகிறவர்

மரியராஜுக்குக் கோபம் வந்தால் அது ஐந்து நிமிஷம்தான். இதை அவரே சொல்வார். குவைத்தின் ஃபர்வானியாவில் அவருடைய மூன்றாம் மாடி வீட்டுக்கு யார் வந்தாலும், அவர்கள் கட்டன்சாயா குடித்து முடிப்பதற்குள் எப்படியாவது பேச்சை அங்கே கொண்டுவந்துவிடுவார். "எனக்குச் சத்தந்தான் பெருசு. அஞ்சு நிமிசம் கழிஞ்சா எனக்கே மறந்துபோவும். மனசில ஒண்ணும் வைக்க மாட்டேன்." உண்மைதான். ஐந்து நிமிஷம் கழித்து அவர் கையைக் கழுவிவிட்டு உட்கார்ந்து மீன்குழம்பை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிடுவார். மனைவி சுகிர்தராணிக்கும் மகன் ஜெப்ரினுக்கும்தான் இரண்டு நாளைக்குச் சோறு இறங்காது.

ஐம்பத்து நாலு வயது. சொந்த ஊர் முட்டம். குவைத்தில் பெரிய கட்டடங்களின் ஏசி இயந்திரங்களைப் பழுது பார்க்கும் வேலை. சுகிர்தராணி அரசாங்க ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள்தான் முதலில் வந்தாள், அவர் பின்னால் வந்தார். கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம். மூத்தவள் லிஜி நாகர்கோவிலில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள், ஜெப்ரின் இங்கே பதினொன்றாம் வகுப்பு. தன் குரலுக்கு மரியராஜ் கடலைக் காரணம் சொல்வார். வள்ளத்துக்கு வள்ளம் கூப்பிட்டுப் பேசிய குடும்பமாம், சத்தம் ரத்தத்தில் ஊறியதாம். அவர் வள்ளத்தில் ஏறியதே மொத்தம் நாலு தடவை. அதில் மூன்று தடவை வாந்தி எடுத்துக் கரைக்குத் திரும்பியவர்.

கோபத்துக்கு இன்ன காரணம்தான் வேண்டும் என்றில்லை. குழம்பில் உப்பு, வாசலில் செருப்பு, நின்றுபோன இன்டர்நெட், கீழே தன் பார்க்கிங்கில் எவனோ விட்டுப்போன வண்டி, எதுவும் ஆகும். "ஒரு நாளும் கை நீட்டுனதில்ல, கேட்டியா" என்று அதையும் ஒரு நற்சான்றிதழ் போல நீட்டுவார். கை நீட்டவில்லைதான். ஆனால் தட்டு பறந்திருக்கிறது, இஸ்திரிப்பெட்டி ஒன்று பறந்திருக்கிறது, டிவி ரிமோட் பலமுறை பறந்திருக்கிறது. அந்த ரிமோட்டைக் கறுப்பு டேப் சுற்றி அவரே சரி செய்வார். டேப் சுற்றுவதில் கைதேர்ந்தவர்.

இப்படியே நன்றாகப் போய்க்கொண்டிருப்பதாக அவர் நினைத்துக்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமை காலை, சூப்பர்மார்க்கெட்டில் நெய்மீன் வெட்டக் கொடுத்துவிட்டு நின்றபோது, சுகிர்தராணியோடு வேலை பார்க்கும் ஹிஃப்ஸா எதிரே வந்தாள். காயல்பட்டினத்துப் பெண், எதையும் மனதில் பூட்டி வைக்கத் தெரியாதவள்.

"அண்ணே, ரிசல்ட் நல்லபடியா வந்துட்டுதே, அல்ஹம்துலில்லா! எங்க வார்டுக்கே இப்பத்தான் உயிர் வந்துச்சு. அன்னைக்கு ஊசி குத்தி சதை எடுக்கையில அக்கா என் கையைப் பிடிச்ச பிடி இருக்கே, விடவே இல்ல."

மரியராஜுக்கு ஒன்றும் புரியவில்லை. புரியவில்லை என்று காட்டிக்கொள்ளவும் மனமில்லை. "ஆமா ஆமா" என்று தலையை ஆட்டினார். "கடவுள் காப்பாத்தினாரு" என்றும் சேர்த்துச் சொன்னார். எதிலிருந்து காப்பாற்றினார் என்று ஹிஃப்ஸாவின் பேச்சிலிருந்தே துண்டு துண்டாகப் பொறுக்க வேண்டியிருந்தது. சுகிர்தராணியின் மார்பில் ஒரு கட்டி. பரிசோதனைக்கு எடுத்திருக்கிறார்கள். பதினோரு நாள் காத்திருந்து, முந்தாநாள்தான் பயப்பட ஒன்றுமில்லை என்று ரிசல்ட் வந்திருக்கிறது. அந்தப் பதினோரு நாளும் அவர் அதே வீட்டில்தான் இருந்தார். ஒரு நாள் ரசத்தில் புளி அதிகம் என்று கூரை பறக்கக் கத்தியும் இருந்தார்.

வெட்டிய மீனை வாங்காமலே வீட்டுக்கு வந்தார். வந்து என்ன செய்தார் என்று சொல்லவும் வேண்டுமா?

"எட்டி, நான் இந்த வீட்டில யாரு? வாடகைக்கு இருக்கவனா? ஊருக்கெல்லாம் தெரியும், கட்டுனவனுக்குத் தெரியாதா?"

சுகிர்தராணி துணி மடித்துக்கொண்டிருந்தாள். உள்ளேயிருந்து ஜெப்ரின் வந்து கதவோரம் நின்றான். "திஸ் இஸ் ஒய், அப்பா" என்றான். "திஸ் இஸ் எக்ஸாக்ட்லி ஒய்."

அவனுக்கும் தெரியும் என்பது அப்போதுதான் மரியராஜுக்கு உறைத்தது. லிஜிக்குத் தெரியும். அன்று ஆஸ்பத்திரிக்கு டாக்சி பிடித்துக் கொடுத்த கட்டடக் காவல்காரன், எகிப்துக்கார ஹாரிஸ், அவனுக்கும் தெரியும்.

"ஏன் சொல்லல?" என்றார். இந்தத் தடவை சத்தமில்லாமல்.

சுகிர்தராணி கையிலிருந்த துண்டை மடித்து முடித்த பிறகே நிமிர்ந்தாள். "சொன்னா நீங்க சத்தம் போடுவீங்க. ஏன் முன்னமே பாக்கல, என்ன நர்ஸு நீன்னு கேப்பீங்க. எனக்கு அன்னைக்கு ரெண்டு பயத்தைத் தாங்க பெலன் இல்ல. ஒண்ணு போதும்னு நெனச்சேன்."

அந்த வாரம் முழுக்க மரியராஜ் விசாரணைக் கமிஷன் போல வீட்டைச் சுற்றி வந்தார். ஜெப்ரின் இனி ஒளிக்க என்ன இருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். லிஜி இரண்டு பேப்பரில் தோற்று, மறுபடி எழுதிப் பாஸானது. அவன் சைக்கிளிலிருந்து விழுந்து முட்டியில் தையல் போட்டது. எல்லாவற்றையும்விட மோசம், மைக்ரோவேவ். பழையது நாலு வருஷத்துக்கு முன்பே சுகிர்தராணி கைபட்டுக் கீழே விழுந்து உடைந்துவிட்டது. அம்மாவும் மகனும் கடைகடையாக அலைந்து அதே மாடலை வாங்கி அதே இடத்தில் வைத்துவிட்டார்கள். இதைத்தான் அவர் வருகிறவர்களுக்கெல்லாம் காட்டி, "பாத்தியளா, அந்தக் காலத்து சாமான், இன்னும் கல்லு மாதிரி நிக்கு" என்று நாலு வருஷமாகப் புகழ்ந்துகொண்டிருந்தார்.

மைக்ரோவேவுக்குச் சிரிக்கலாம். ஹிஃப்ஸாவின் கையைப் பிடித்த அந்தக் கையை நினைத்தால் மட்டும் அவருக்குச் சிரிப்பு வரவில்லை. இனி என்ன நடந்தாலும் சுகிர்தா என்னிடம்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்தார். அதற்குக் கோபத்தை விட வேண்டும். விட்டார். ஒரு நாள், இரண்டு நாள் என்று எண்ணி, பத்தொன்பது நாள் சத்தமே போடவில்லை. எண்ணுவதை மட்டும் கொஞ்சம் சத்தமாகவே எண்ணினார்.

இருபதாம் நாள் அன்பியக் கூட்டம். அவர்களுடைய பங்குக் கோயிலைச் சேர்ந்த ஏழு தமிழ்க் குடும்பங்கள் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை ஒருவர் வீட்டில் கூடி ஜெபமாலை சொல்லி, பாட்டுப் பாடி, கடைசியில் கடவுள் தனக்குச் செய்த நன்மையை யாராவது எழுந்து சாட்சியாகச் சொல்வார்கள். அன்று சால்மியாவில் ஆன்சன் வீடு. ஆன்சன் பாடகர் குழுத் தலைவர். சின்ன ஹாலுக்கும் அவருக்கு மைக் வேண்டும். "சாட்சி சொல்ல யாராவது உண்டா?" என்று கேட்டதுதான் தாமதம், மரியராஜ் எழுந்து மைக்கை வாங்கினார்.

நன்றாகவே பேசினார் என்றுதான் சொல்ல வேண்டும். பறந்த தட்டைச் சொன்னார், இஸ்திரிப்பெட்டியைச் சொன்னார், மைக்ரோவேவைச் சொல்லிச் சிரிக்க வைத்தார். கூட்டம் தன் கையில் இருக்கிறது என்று தெரிந்ததும் ஒரு மனிதனுக்கு வரும் துணிச்சலில், மனைவியின் மார்புக் கட்டியையும், ஊசியையும், பதினோரு நாளையும் சொல்லிக் கண்ணீர் விட்டார். "பத்தொம்பது நாளா ஆண்டவரு எனக்க வாயைக் கெட்டிப் போட்டிருக்காரு" என்று முடித்தபோது ஆண்கள் கை தட்டினார்கள். பெண்கள் எழுந்துபோய் சுகிர்தராணியைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருத்தி கருஞ்சீரகமும் தேனும் சாப்பிடச் சொன்னாள். ஒருத்தி எந்தப் பக்கம் என்று கேட்டாள். இன்னொருத்தி கேட்காமலே அவள் மாராப்பைப் பார்த்தாள்.

திரும்பி வரும்போது காரில் மரியராஜ் பாராட்டுக்காகக் காத்திருந்தார். ஆறாவது ரிங் ரோடு வரைக்கும் பொறுத்தார்.

"எப்படி இருந்துது?"

சுகிர்தராணி ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கேக்குதேன்லா?"

அவள் ஜன்னல் கண்ணாடியை இன்னும் கொஞ்சம் இறக்கினாள். அவ்வளவுதான், ஆண்டவர் கட்டிய கட்டு அவிழ்ந்துவிட்டது. "இருபத்தஞ்சு வருசமா விடு விடுன்னு சொன்ன. விட்டேன். விட்டாச்சுன்னு நாலு பேரு முன்னால மானத்தை விட்டுச் சொன்னேன். அதுக்கும் மூஞ்சியைத் தூக்கி வச்சா மனுசன் என்னதான் செய்வான்!" என்று ஆரம்பித்து, ஃபர்வானியா வரும்வரை கத்தினார். கோபம் போய்விட்டதாக மைக்கில் சொன்ன மனிதருக்கு அது திரும்பி வர ஒரு மணி நேரம்கூடப் பிடிக்கவில்லை.

வண்டியை நிறுத்திய பிறகு சுகிர்தராணி சொன்னாள். "உங்களுக்க மானத்தை விட்டீங்களா? அது எனக்க உடம்பு. எனக்குப் பெத்த அம்மை இருந்தாக்கூட நான் யோசிச்சுத்தான் சொல்லியிருப்பேன்." கதவைத் திறந்து இறங்கியவள் குனிந்து இன்னொன்றும் சொன்னாள். "கோபத்தை விடுததுக்கும் உங்களுக்கு மைக்கு வேணும்."

அவர் ரொம்ப நேரம் காரிலேயே உட்கார்ந்திருந்தார். அவள் சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூடத் தள்ளிவிட முடியவில்லை. அது அவருக்குப் புதிய அனுபவம்.

மறுநாள் ஏழு வீட்டில் ஆன்சன் உட்பட ஆறு வீட்டுக்கும் ஒவ்வொன்றாகப் போன் போட்டார். ஏழாவது அவர் வீடு. "நேத்து நான் சொன்னதில பாதி எனக்குச் சொல்ல உரிமை இல்லாதது. அவகிட்ட யாரும் அதைப் பத்திக் கேக்காண்டாம்." அதைச் சொல்லும்போது குரல் அவருக்கே கேட்காத அளவுக்கு இறங்கியிருந்தது. இரண்டு பேர் மட்டும் இதையும் ஒரு சாட்சியாக அடுத்த மாதம் சொல்லலாமே என்றார்கள். வேண்டாம் என்றுவிட்டார்.

அடுத்த வாரம் வேலையிலிருந்து ஒரு சிவப்பு அட்டை கொண்டுவந்தார். கரண்ட் பெட்டிக்குள் ஒருவன் கைவிட்டு வேலை செய்யும்போது மெயின் சுவிட்சைப் பூட்டி, தன் பேரெழுதிய இந்த அட்டையைத் தொங்கவிடுவான். மாட்டியவன்தான் அதைக் கழற்ற வேண்டும். மேனேஜரே வந்தாலும் தொடக்கூடாது. தொட்டால் உள்ளே இருப்பவன் உயிர் போய்விடும். மரியராஜ் அந்த அட்டையில் சுகிர்தராணி என்று எழுதி அவளிடம் நீட்டினார்.

"இதை நீ எங்கயாவது மாட்டிப்போட்டு என்ன வேணும்னாலும் சொல்லு. நீயா கழத்துறது வரை நான் வாயைத் திறக்க மாட்டேன்."

சுகிர்தராணி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எங்க மாட்ட? உங்களுக்க மூக்கிலயா?"

சொல்லிவிட்டு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சூப்பர்மார்க்கெட் நாளுக்குப் பிறகு அந்த வீட்டில் அவள் சிரித்தது அன்றுதான். மரியராஜ் மூக்கைக் காட்டியபடியே நின்றார்.

ஃபிரிட்ஜ் கைப்பிடியில் மாட்டினாள். முதல் தடவை மாட்டியது ஜெப்ரின் பிசிக்ஸில் முப்பத்தொன்று வாங்கியதற்கு. மரியராஜ் வாயைத் திறந்தார், அட்டையைப் பார்த்தார், மூடினார். செருப்பைப் போட்டுக்கொண்டு கீழே போய், காருக்குள் உட்கார்ந்து, கண்ணாடிகளை எல்லாம் ஏற்றிவிட்டு, ஸ்டியரிங்கைப் பார்த்து ஐந்து நிமிஷம் கத்தினார். வாசலில் உட்கார்ந்திருந்த ஹாரிஸ் எழுந்து வந்து கண்ணாடியைத் தட்டி, "முஷ்கிலா?" என்றான். "மாஃபி முஷ்கிலா", பிரச்சினை ஒன்றுமில்லை என்று சொல்லி மேலே வந்தார். பிறகு பழகிவிட்டது. அவர் செருப்பைத் தேடினாலே ஜெப்ரின் கார்ச்சாவியை எடுத்துக் கொடுத்துவிடுவான். தனக்கும் ஒரு அட்டை வேண்டும் என்று அவன் கேட்டுப் பார்த்தான். மரியராஜ் அதற்கு மட்டும் மசியவில்லை.

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். டிசம்பரில் கிறிஸ்துமஸ் குடில் கட்டும்போது ஸ்டார் லைட்டின் வயர் சிக்கிக்கொண்டது. அட்டை எதுவும் மாட்டியிருக்கவில்லை. மரியராஜ் பழைய மரியராஜாக நின்று கத்தினார். வயரைப் பிடுங்கி எறிந்ததில் மாட்டுத்தொழுவமே சரிந்து விழுந்தது. ஐந்து நிமிஷத்தில் கோபம் போய்விட்டது, பசித்தது. சாப்பிடப் போனவர் அடுப்படி வாசலில் நின்றுவிட்டார். சுகிர்தராணி கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தாள். அவள் விரல்கள் நடுங்கின. ஊசி போடும் கை. இருபத்தாறு வருஷமாகப் பச்சைக் குழந்தையின் நரம்பைக்கூட முதல் குத்தில் பிடிக்கிற கை.

அவர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார். மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதற்கும் அவள் பதில் சொல்ல வேண்டியிருக்கும். நடுக்கம் நிற்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார். அடுப்புக்கு மேலிருந்த கடிகாரத்தில் நாற்பது நிமிஷம் ஆனது. தன் ஐந்து நிமிஷம் இந்த வீட்டில் வேறு ஒருத்திக்கு எவ்வளவு நேரம் என்று இருபத்தைந்து வருஷத்தில் அன்றுதான் பார்த்தார். அவருக்கு வெட்கமாக இருந்தது. அதற்குப் பிறகு விருந்தாளிகள் யாரும் அவர் வாயால் ஐந்து நிமிஷக் கதையைக் கேட்டதில்லை.

குடிலை மறுநாள் தனியாக உட்கார்ந்து கட்டினார். பிறகு வந்த மாதங்களில் ஃபிரிட்ஜில் அட்டை இல்லாத நாட்களே அதிகம். சில்லறை விஷயங்களை சுகிர்தராணி அட்டை மாட்டாமலே சொன்னாள். சொல்லிவிட்டு ஓரக்கண்ணால் அவர் முகத்தைப் பார்ப்பாள். அந்த ஓரக்கண் பார்வைதான் அவருக்கு வலித்தது. அது போகிற வழியாக இல்லை. பெரிய விஷயம் ஏதாவது வந்தால் அவள் யாரிடம் போவாள் என்று அவருக்குத் தெரியவில்லை. கேட்கவும் பயம்.

மார்ச் மாதம் ஒரு நாள் காலை பத்தரை மணிக்கு, ஹவல்லியில் ஒரு மொட்டைமாடியில் ஏசி இயந்திரத்தைத் திறந்து போட்டிருந்தபோது போன் வந்தது.

"லிஜிக்க அப்பா, ஆறு மாசம் கழிச்சுப் பாக்கச் சொன்ன ஸ்கேன் இருந்துதுல்லா? முடிஞ்சு வெளிய நிக்கேன்."

"ம்."

"இன்னொரு கட்டி இருக்குன்னு சொல்லுதாவ. திரும்பவும் ஊசி குத்தி எடுக்கணுமாம்."

"ம்."

"ஹிஃப்ஸாகிட்ட இன்னும் சொல்லல. பிள்ளையளுக்கும் தெரியாது."

அவருக்கு ஒரு கணம் பிடிபடவில்லை. பிறகு பிடிபட்டது. தான்தான் முதல் ஆள். ஆறு மாதமாக அவர் தவம் கிடந்த இடம். இப்போது கையில் கிடைத்ததும், இதை அந்த ஹாரிஸுக்கே கொடுத்துவிட்டால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. அங்கேயே உட்கார்ந்தார். பழைய கேள்விகள் எல்லாம் தொண்டை வரை வந்து முட்டின. இன்றைக்கு ஸ்கேன் என்று நேற்றே ஏன் சொல்லவில்லை, தனியாக ஏன் போனாய், அந்த டாக்டருக்குக் கண் தெரியுமா. அவற்றைக் கோபம் என்றே இத்தனை வருஷமும் நினைத்திருந்தார். வெயிலில் உட்கார்ந்து பார்த்தபோது அதில் முக்கால்வாசி வெறும் பயம்.

"எனக்குப் பயமா இருக்கு, சுகிர்தா" என்றார். "நீ எந்த கேட்டில நிக்க?"

"மூணாவது கேட்டு."

"அங்கயே நில்லு. வாறேன்."

"மெதுவா வாங்க. வழியில ஒருத்தனையும் ஏசாதீங்க."

இந்த ரிசல்ட்டும் ஒன்பது நாள் கழித்து நல்லபடியாகவே வந்தது. அதை வைத்துப் படிக்கிறவரைப் பயமுறுத்த எனக்கு விருப்பமில்லை. அன்றைக்கு அது அவர்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

மூன்றாவது கேட் ஆம்புலன்ஸ் போகிற வழி. வண்டி நிறுத்தக்கூடாது. மரியராஜ் நிறுத்தினார். சுகிர்தராணி முன் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினாள். டாக்டர் சொன்னதை முதலிலிருந்து சொன்னாள், எந்த இடம், எவ்வளவு பெரிது, எந்தக் கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள் என்று எல்லாவற்றையும். சொல்லிக்கொண்டே வந்தவளுக்குப் பாதியில் குரல் உடைந்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

அவர் முன்னால் அவள் அழுது பதினாலு வருஷம் ஆகிறது. அவளுடைய அம்மா இறந்த செய்தி வந்த அன்று அழுதாள். "அழுதா செத்தவ எழும்பி வருவாளா" என்று அவர் போட்ட சத்தத்தில் பாதியிலேயே நிறுத்திக்கொண்டாள். இன்று நிறுத்தவில்லை. வாயைப் பொத்தியிருந்த கையையும் எடுத்துவிட்டு அழுதாள்.

பின்னால் ஹாரன் அடித்தார்கள். காவலாளி ஓடிவந்து பானட்டைத் தட்டி வண்டியை எடுக்கச் சொன்னான். "யல்லா, யல்லா!" மரியராஜ் நகரவில்லை. அவன் சுற்றி வந்து, திறந்திருந்த ஜன்னலுக்குள் குனிந்து, மரியராஜின் காதுக்குள்ளேயே அரபியில் கத்த ஆரம்பித்தான். நல்ல குரல், மரியராஜின் குரலுக்குக் கொஞ்சமும் இளைத்ததில்லை. மரியராஜ் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை. அவனைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினார். பிறகு கண்ணாடியை ஏற்றிவிட்டு, அவள் அழுது முடிக்கட்டும் என்று உட்கார்ந்திருந்தார்.